எலிவேஷன் செம... வீட்டுக்குள்ள உட்கார முடியுதா பாஸ்?

வீடு கட்டும் ரீல்ஸ் நிறைய பார்ப்பீங்களா? முகப்பு முழுக்கக் கண்ணாடி, கலர் லைட், பெட்டி பெட்டியாகத் துருத்தி நிற்கும் எலிவேஷன். பார்க்க செம! ஆனால், மே மாத மதியம் மூணு மணிக்கு அந்த ஹாலில் உட்கார முடியுமா? அதை எந்த ரீல்ஸும் காட்டாது.

இது வெறும் டேஸ்ட் விஷயம் இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு 2024-ல் அறிவித்துவிட்டது. டிசைன் என்பது இனி அழகு மட்டுமல்ல, உடம்பு சம்பந்தப்பட்டதும்கூட.

டிசைனின் அடிப்படைகளைப் புரிந்துகொள்ள, தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு ரவுண்டு வரலாம்.

சமநிலை: இந்த ஊர்க் கோயிலில் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். பாதி ஆண், பாதி பெண். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் உருவம் ஒன்றுதான். வீட்டுக்கும் இதே கணக்குதான். நாலு பக்கமும் ஒரே சைஸ் ஜன்னல் வைக்கணும்னு அவசியமில்லை. வடக்கிலும் தெற்கிலும் பெருசு, சாயங்கால வெயில் அடிக்கும் மேற்கில் சின்னது. இதுவும் சமநிலைதான்.

பொருள்: பூலித்தேவரின் மண்கோட்டை இருந்த ஊர் இது. 1760-ல் யூசுப் கான் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் பீரங்கிகளோடு வந்து தாக்கினார். மண்ணைச் சாதாரணமா நினைக்காதீங்க! தடிமனான மண்சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். மெல்லிய கான்கிரீட் தளமோ பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி நம் தலைமேல் இறக்கும்.

அளவு: 2024-ல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அரசு அறிவித்த தொகை 3.5 லட்சம் ரூபாய். இவ்வளவு சின்ன வீட்டில் எலிவேஷனுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் காற்றோட்டத்திலிருந்து எடுத்த ரூபாய். அதே காசில் எதிரெதிர் ஜன்னல்கள், அகலமான சன்ஷேடு, மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு என எவ்வளவோ செய்யலாம்.

அடுத்து வீட்டில் பிளான் பேச்சு வந்தால், "முன்பக்கம் எப்படி இருக்கும்?" என்று ஆரம்பிக்காதீங்க. "வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எந்தப் பக்கம் வரும்?" என்று இன்ஜினீயரிடம் கேளுங்க. முகப்பைத் தெருவில் போறவங்க ஒரு நிமிஷம் பார்ப்பாங்க. உள்ளே முப்பது வருஷம் இருக்கப்போறது நீங்கதான்!