செங்கல்லுக்குக் கிடைத்த மரியாதை

பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிற எங்களுக்கு, ஓர் ஆலை இடிபடாமல் தப்பினாலே மனம் நிறைந்துவிடும். போலந்தின் வூச் நகரத்து மானுஃபாக்தூராவைப் பற்றி அந்த நிறைவோடுதான் எழுதினோம். இஸ்ராயேல் போஸ்னான்ஸ்கி 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பருத்தி ஆலை அது. சோஷலிச அரசு அதை எடுத்துக்கொண்டு மர்க்லெவ்ஸ்கி ஆலை என்று பெயர் வைத்தது. 2006-இல் அது வணிக வளாகமானது. நெசவுக்கூடத்தில் இப்போது நவீன ஓவியங்கள், நூற்புக்கூடம் ஹோட்டல். தீயணைக்க நீர் தேக்கிவைத்த மேல்தளத் தொட்டி, நீச்சல்குளம். தொட்டிக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கிய நாங்கள், மூன்று ஷிப்டுகளிலும் நின்று உழைத்த பெண்களை ஒரே வரியில் கடந்துபோனோம்.

அந்தப் பெண்கள் ஓர் அரசையே பணியவைத்தவர்கள். 1970 டிசம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஏறியது. எதிர்த்துத் தெருவில் இறங்கிய க்தான்ஸ்க் கப்பல்தளத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். ஆளும் கட்சியின் தலைவர் மாறினார், விலை இறங்கவில்லை. 1971 பிப்ரவரியில் மர்க்லெவ்ஸ்கி ஆலையில் இயந்திரங்கள் நின்றன. வேலைநிறுத்தம் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. வேலையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிரதமர் யாரொஷெவிச் நேரில் வந்து ஒத்துழைப்புக் கேட்டார். முந்தைய மாதம் கப்பல்தளத் தொழிலாளர்களிடம் அதே வேண்டுகோளுக்குச் சம்மதம் கிடைத்திருந்தது. இவர்கள் முடியாது என்றார்கள். பிப்ரவரி 15 அன்று விலையேற்றம் வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது.

க்தான்ஸ்க் என்றதும் தொழிற்சங்கத் தலைவர் வலேசாவைச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, வூச் பெண்களில் ஒருவர் பெயரும் தெரியாது. போலந்திலேயே சிலர் அவர்களுடைய வாழ்க்கையைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தேடிப் படிக்கவில்லை.

சோஷலிச ஆட்சி முடிந்த 1989-க்குப் பிறகு நடந்ததையும் மேலோட்டமாகவே எழுதினோம். சோவியத் சந்தை கைவிட்டுப் போக, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. போலந்தின் சிலேசியா பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டபோது கணிசமான தொகை பெற்றார்கள். இந்தப் பெண்களுக்கு அப்படி ஏதும் அமையவில்லை. கட்டடம் பாழாய்க் கிடந்த ஆண்டுகள் என்று நாங்கள் எழுதிய காலம், அவர்கள் வேலையில்லாமல் இருந்த காலம். இடிந்த சுவரின் படத்தைப் போட்டோம். அவர்களுடைய வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்கவில்லை.

1971-இல் இருபது வயதில் வேலைநிறுத்தம் செய்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இரவு ஷிப்டுக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விட்டார், பிரதமர் முன்னால் முதலில் எழுந்து பேசியது யார், கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எங்கே போனார் என்பதெல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த கட்டுரைக்காகக் கட்டடக் கலைஞரைத் தேடிப் போவதற்கு முன்னால் நாங்கள் அவரைத் தேடிப் போக வேண்டும்.