மரபணு ஜாதகம் வேண்டாம்!



"மரபணுவைப் பார்த்தே மாற்று இதயம் யாருக்கு நிலைக்கும், யாருக்கு நிலைக்காது என்று சொல்லிவிடலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. படித்தவர்களே கைதட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

இதில் உண்மை எவ்வளவு? நம் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்கள் மூலம் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்கின்றன. டி.என்.எஃப். ஆல்ஃபா அழற்சியைத் தூண்டும். இன்டர்லூக்கின் 10 பெரும்பாலும் அடக்கும். இவற்றின் மரபணுவில் ஓரெழுத்து மாறினாலும் சுரக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறலாம். மாற்று இதயத்தை உடல் எதிர்ப்பதில் இதற்குப் பங்கு உண்டா என்று ஆராய்வது நியாயமே. ஆனால் அந்த ஆய்வுகளில் பல, கொஞ்சம் நோயாளிகளை வைத்துச் செய்தவை. ஒன்றில் கண்டது இன்னொன்றில் நிற்கவில்லை.

மரபணு உறுதியாகக் கைகொடுக்கும் இடம் வேறு. டாக்ரோலிமஸ் மருந்தைச் சிதைக்கும் நொதிக்கு சி.ஒய்.பி.3ஏ5 என்றொரு மரபணு. அது வேலை செய்பவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவை. அப்போதும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தே டாக்டர் கூட்டுவார், குறைப்பார். அங்கே மரபணு மாத்திரையைத் திருத்துகிறது, ஆளை ஒதுக்கவில்லை.

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று அறுவை செய்தார். நோயாளி 18 நாளில் நிமோனியாவில் இறந்தார். எதிர்ப்பை அடக்கத் தந்த மருந்தே தொற்றுக்கும் வழிவிட்டது. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகு பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். இடையில் மாறியது மனிதர்களின் மரபணுவா? மருந்து ஐயா, மருந்து!

"இதயம் அரிது, நிலைக்கும் உடம்புக்குத் தருவதுதானே நியாயம்?" என்பீர்கள். ரத்த வகை, உடல் அளவு, நோயின் கடுமை எல்லாம் பார்க்கட்டும். அவை அளந்து அறிந்தவை. அரைகுறை ஊகத்தை வைத்து ஒருவனை வரிசையிலிருந்து தள்ளுவது அறிவியல் இல்லை. பிறப்பைப் பார்த்துத் தகுதி சொல்லும் பழைய நோய்க்கு ஆய்வகச் சான்றிதழ், அவ்வளவுதான். அந்த நோயால் நாம் பட்டது போதாதா?

கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை ஏழைக்குத் தடையின்றிக் கிடைக்கிறதா? ரத்தப் பரிசோதனைக்கு அவன் எத்தனை மைல் போகிறான்? மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைத் தர நம் வீட்டில் சம்மதிப்போமா?

இதற்கெல்லாம் பதில் மரபணுவில் இல்லை. நம்மிடம் இருக்கிறது.