உருளைத் தலையும் பட்டதாரிக் கைகளும்

பழைய இயந்திரத்தின் தலையைக் கழற்றி அராவுவது மெக்கானிக்கின் வேலை, பட்டதாரிக்குரியதன்று என்பர் சிலர். இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம். 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், இந்நாட்டின் பழைய இயந்திரங்களை ஓடவைத்தவை கராஜ்த் தொழிலாளரின் கைகளே.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு உருளைகளுக்கும் உள்ளெடு துவாரங்கள் இரண்டு. வெளியேற்று துவாரங்கள் மூன்று. இவ்வமைப்பை மாற்றவியலாது. எனினும், வால்வு இருக்கையை அடுத்துள்ள வார்ப்பு மேடுகளை அராவி நீக்கலாம். 45 பாகை இருக்கையின் இருமருங்கும் 30, 60 பாகைச் சரிவுகளை வெட்டலாம். செலவு சொற்பம், வேண்டுவது பொறுமை.

கராஜிலும் மயக்கங்கள் உண்டு. துவாரத்தை அகலமாக்குமளவுக்கு வலு கூடும் என்பது அவற்றுள் ஒன்று. பரப்பு மிகுந்தால் குறைந்த சுழற்சியில் வளியின் வேகம் தளரும். உருளை செவ்வனே நிரம்பாது. உள்ளெடு துவாரத்தைக் கண்ணாடிபோல் மினுக்குவதும் வீண் உழைப்பே.

தலையின் அடிமுகத்தைச் சீவி நெருக்கல் விகிதத்தை 8 இலிருந்து 9 ஆக உயர்த்தினால், ஒட்டோ வட்டத்தின் இலட்சிய வினைத்திறன் ஏறத்தாழ 56.5 வீதத்திலிருந்து 58.5 வீதமாகும். மிகையாகச் சீவினாலோ எரிபொருள் அகாலத்தில் வெடித்து முசலத்தைச் சிதைக்கும். எவ்வளவு சீவுவது? எரியறையின் கனவளவை அளவியால் அளந்தறிந்தே கூறலாம். அந்த அளவி எமது ஆய்வுகூடத்தில் உறங்குகிறது. சாணைக்கல்லோ கராஜில் சுழல்கிறது. இவ்விரண்டையும் ஒரே மேசைக்குக் கொணராத பொறியியற் கல்வி ஏட்டுச் சுரைக்காயே. இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்றாவது ஒரு பழைய உருளைத் தலையிலிருந்து தொடங்கட்டும்.