ஆரம்பத்துக்கு இது போதும்!

“ஆரம்பத்துக்கு இது போதும்” என்கிற வாக்கியம் வெகு காலமாக நம் வீடுகளில் நடமாடி வருகிறது. கேட்பதற்குச் சிக்கனமும் விவேகமும் கைகோத்து வந்த மாதிரி இருக்கும். பெரியவர்கள் சொல்வார்கள், கடைக்காரர் தலையாட்டுவார், குழந்தைக்கு எதிர்வார்த்தை தெரியாது. நானும் அதைச் சொன்னவன்தான். சொன்னதற்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

என் தம்பி மகளுக்கு அப்போது வயது 14. எலெக்ட்ரிக் கிடார் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற மூட நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் இருப்பதால், தம்பி என்னையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போனான். கடைக்காரர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்தார். கிடார், டிபன் பெட்டி அளவில் ஓர் ஒலிபெருக்கி, உறை, தோள் வார், வயர், மீட்டுவதற்கு வில்லைகள் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். கிடார் செக்கச் செவேலென்று பளபளத்தது. “ஆரம்பத்துக்கு இது போதும் சார். கை பழகினப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்” என்றார். “வாஸ்தவந்தானே?” என்று நான் தம்பியைப் பார்த்தேன். பெரியவர்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். ஒருவராவது ஒரு தந்தியைத் தொட்டுப் பார்த்தோமா என்றால், இல்லை.

நாலு மாதத்தில் கிடார் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. “ஏம்மா?” என்று கேட்டேன். “எனக்குப் பாட்டு வராது பெரியப்பா. எவ்வளவு சுருதி சேர்த்தாலும் நான் வாசிச்சா அபஸ்வரமாத்தான் கேக்குது. என் காதே சரியில்லை போலிருக்கு” என்றாள். அவள் அழவில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு வராது என்று தீர்மானித்துக்கொள்கிற குழந்தைகள் சொல்வார்களே, அந்தக் குரலில் நிதானமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

வாத்தியங்களைப் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு தந்திகளுக்கும் சுருதி சேர்த்தார். எல்லாம் சுத்தமாக நின்றன. பிறகு முதல் மெட்டில் விரலை அழுத்தி மீட்டினார். சுரம் எகிறியது. எனக்கே கேட்டது.

“பாப்பாவுக்கு நல்ல காதுங்க. அதனாலதான் வாசிக்க முடியல” என்றார்.

விஷயம் இதுதான். கிடாரின் தலைப்பக்கத்தில், தந்திகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டிய சின்னக் கட்டை ஒன்று இருக்கிறது. ‘நட்’ என்பார்கள். அந்தப் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு அராவாமல் விட்டுவிட்டால் தந்தி மெட்டுக்கு மேலே உயரத்தில் நிற்கும். அழுத்திக் கீழே கொண்டுவரும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். இந்தக் கோளாறு தலைப்பக்கத்தில்தான் அதிகம். கீழே இறங்கி வர வரக் குறைந்துவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். புதிதாகக் கற்கிற குழந்தை வாசிப்பதெல்லாம் எந்த இடத்தில்? தலைப்பக்கத்து முதல் மூன்று மெட்டுகளில்! தேர்ந்த கைக்காரன் வேறு இடத்தில் வாசித்துத் தப்பித்துக்கொள்வான். அழுத்தத்தைக் குறைத்து ஒப்பேற்றியும் விடுவான். அரை மணி நேரத்தில் கன்றிப் போகிற பிஞ்சு விரலுக்கு அந்த வித்தையெல்லாம் ஏது? மட்டமான வாத்தியத்தைச் சமாளிக்கத் தகுதியுள்ளவர் வித்வான் ஒருவரே. ஆரம்பக்காரருக்குத்தான் ஒழுங்கான வாத்தியம் வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர் தலைகீழாகச் சொன்னார், நான் தலைகீழாகவே நம்பினேன்.

வீணை விஷயத்தில் நாம் இப்படியா இருந்தோம்? வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து நிற்கின்றன. மேளம் கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு, நகர்த்தி நகர்த்தி உட்கார வைப்பார். மெழுகு இளகி மேளம் கலைந்துவிட்டால், வாசிக்கிற பெண்ணுக்குச் சங்கீதம் வரவில்லை என்று எந்த வீட்டிலும் முடிவு கட்டமாட்டார்கள். மேளம் கட்ட ஆள் தேடுவார்கள். ஒரு கீர்த்தனை பாடத் தெரியாத பாட்டிகளுக்குக்கூட இந்த நியாயம் தெரிந்திருந்தது. கிடார் என்றதும் அந்தப் பாட்டி புத்தி நமக்கு எங்கே போயிற்றோ!

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். “இதுக்குத்தான் சொல்றேன், வாங்கினா அமெரிக்காவில் செஞ்ச பேர் போன கிடாரா வாங்கணும். இல்லேன்னா சும்மா இருக்கணும்” என்றார். அவர் மகனிடம் இருக்கிற கிடாரின் விலை ஒன்றரை லட்சமாம். கிடாரின் தலையில் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். அந்தத் தலையெழுத்தைத்தான் அவர் விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று நான் சொன்னதில் அவருக்குக் கோபம். கோபப்பட்டாலும் சொல்வேன். முதல் கட்சிக்காரர் விலையைப் பார்த்து வாங்குகிறார், இவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார். கிடாரைப் பார்ப்பது இரண்டு பேருமே இல்லை.

இவர்கள் கும்பிடுகிற அந்தப் பெயர்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் கொண்டுவந்த கிடார்தான் பிற்பாடு டெலிகாஸ்டர் என்று பிரசித்தி அடைந்தது. உள்ளே குடைந்து வளைத்த அழகிய உடம்பெல்லாம் அதற்குக் கிடையாது. தட்டையான ஒரு பலகை. அதில் கழுத்தை ஒட்டக்கூட இல்லை, நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். கெட்டுப் போனால் கழற்றி வேறு மாட்டலாம். சுலபமாகச் செய்ய வேண்டும், சுலபமாக ரிப்பேர் பண்ண வேண்டும் என்கிற யோசனையில் பிறந்த வாத்தியம் அது. அந்தக் காலத்துக் கௌரவமான கிடார்க்காரர்கள் அதைப் பலகை என்று பரிகாசம் பண்ணினார்கள். பரிகாசத்துக்கு ஆளான சிக்கனத்தைத்தான் இன்று லட்சம் கொடுத்துப் பூஜை செய்கிறோம்.

டேன்எலெக்ட்ரோ கதை இதைவிட ருசியானது. நேதன் டேனியல் என்பவர் 1950-களில் மலிவுக் கிடார் செய்தார். மேலும் கீழும் ஹார்ட்போர்டு. நடுவில் மரச் சட்டம். தந்தியின் அதிர்வை வாங்குகிற காந்தச் சுருளை வைக்க அவர் எடுத்துக்கொண்டது உதட்டுச் சாயக் குழாய்! சியர்ஸ் என்ற அமெரிக்கப் பெருங்கடை இந்தக் கிடார்களைச் சில்வர்டோன் என்ற பெயரில் தபாலில் விற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வாங்கினார்கள். பின்னாளில் லெட் ஸெப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ், ஆயிரக்கணக்கானோர் கூடிய மேடைகளில் ஒரு டேன்எலெக்ட்ரோவை வைத்துக்கொண்டு வாசித்தார். ஹார்ட்போர்டு என்று யாரும் எழுந்து போகவில்லை. இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையன், கடைக் கிடாருக்குப் பணம் போதாமல், 1963-இல் தகப்பனாரோடு உட்கார்ந்து தானே ஒன்று செய்யத் தொடங்கினான். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரம். மெட்டுகளுக்கு நடுவே புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பொத்தான்கள். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்தது அந்தக் கிடாரைத்தான்.

தலையெழுத்து என்றேன் அல்லவா? அதற்கு நீதிமன்றத்திலேயே சாட்சி இருக்கிறது. 1970-களில் ஜப்பானியக் கம்பெனிகள் அமெரிக்கக் கிடார்களை அச்சு அசலாகச் செய்து மலிவாக விற்றன. 1977-இல் கிப்ஸன் கம்பெனியின் உடைமையாளரான நார்லின் நிறுவனம், இபானெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனியின் மேல் வழக்குப் போட்டது. எதற்காக? கிடாரின் தலை வடிவத்தைக் காப்பி அடித்ததற்காக! மறு வருஷம் சமரசமாகி முடிந்தது. 1982-இல் ஃபெண்டர் கம்பெனியே ஜப்பானில் ஃபூஜி-கென் தொழிற்சாலையில் தன் கிடார்களைச் செய்விக்கத் தொடங்கி, விலை குறைந்தவற்றுக்கு ஸ்குவையர் என்று பெயர் சூட்டியது. இபானெஸ் கிடார்களைச் செய்து வந்த அதே தொழிற்சாலைதான்! அன்று வந்த ஸ்குவையர்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, மலிவே மேல் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மலிவில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே வண்ணம். பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிற இரண்டு கிடார்களில் ஒன்று வாத்தியமாகவும் ஒன்று விறகாகவும் இருக்கக்கூடும். ஆகவே, வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்யக்கூடிய சில சோதனைகளைச் சொல்கிறேன். எல்லாம் அந்தப் பெரியவர் எனக்குக் காட்டியவை.

கிடாரின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கி, தச்சன் பலகையைப் பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பாருங்கள். கழுத்து முன்னால் லேசாக வளைந்திருந்தால் பயமில்லை. உள்ளே ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது, அதைத் திருகிச் சரி பண்ணலாம். ஈரத் துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள். அது தீராத நோய். அடுத்தபடி கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். மெட்டுகளின் முனை ரம்பம் மாதிரி கீறினால், செய்தவன் அவசரக்காரன். அந்த இடத்தில் அவசரப்பட்டவன் மற்ற இடத்திலும் பட்டிருப்பான்.

தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று பாருங்கள். ஒரு காகிதம் நுழைகிற அளவு போதும். அட்டை நுழைந்தால் என் தம்பி மகளின் கதைதான். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதி. அதற்கு நேர் மேலே அழுத்தாமல் விரலால் சும்மா தொட்டு மீட்டி, சட்டென்று விரலை எடுங்கள். மணி அடித்த மாதிரி மேல் ஸ்தாயி கேட்கும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையானால் கீழே தந்தியைத் தாங்குகிற குதிரையில் திருகாணிகள் இருக்கின்றன. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நகர்த்தியும் சேராவிட்டால் வேண்டாம். எல்லாத் தந்தியிலும் எல்லா மெட்டுகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்க அரை மணி ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார். 9,000 ரூபாய் உங்களுடையது, சுளிப்பு அவருடையது.

பிருடையைத் திருகும்போது தந்தி ‘டிக்’கென்று சத்தமிட்டுத் தாவினால், நட்டுப் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம், பிருடையைக் குறை சொல்லாதீர்கள். ஒற்றைச் சுருள் காந்தம் வைத்த கிடார் ஒலிபெருக்கியில் ‘ங்’கென்று ரீங்காரம் பண்ணும். அதுவும் கோளாறல்ல, சுற்றுப்புறத்து மின்சாரத்தின் குரல். அதை அடக்கத்தான் 1950-களில் கிப்ஸனில் ஸெத் லவர் என்பவர் இரண்டு சுருளைச் சேர்த்து வைக்கிற முறையைக் கண்டுபிடித்தார்.

மரத்தைப் பற்றிக் கடையில் சொல்கிற புராணங்களைப் பாதி காதில் வாங்கினால் போதும். எலெக்ட்ரிக் கிடாரில் தந்தியின் அதிர்வைக் காந்தம்தான் வாங்கி அனுப்புகிறது. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. உலகம் முழுவதும் கிடார் மெட்டுப் பலகைக்கு விரும்புகிற ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. 2017-இல் அந்த மரத்தின் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது (இசைக் கருவிகளுக்கு 2019-இல் தளர்த்தினார்கள்), மலிவுக் கிடார்கள் பலவற்றில் அதன் இடத்துக்கு வந்தது நம் கருமருது. ‘இந்தியன் லாரல்’ என்று எழுதியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊர்க் காட்டு மரம்தான்.

கையில் 20,000 ரூபாய் இருந்தால் அத்தனைக்கும் கிடார் வாங்காதீர்கள். 2,000 ரூபாயைத் தனியே முடிந்து வைத்து, நட்டு அராவவும், குதிரை சரி பண்ணவும், புதுத் தந்தி போடவும் ஒரு கைகாரரிடம் கொடுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தச் சோதனைகளை வீட்டுக் கூடத்தில் செய்யுங்கள். சிவப்பு வர்ணத்துக்கும், அட்டைப் பெட்டிக்குள் கூட வருகிற பத்துச் சாமான்களுக்கும் மயங்காதீர்கள். அவற்றின் விலை எல்லாம் அந்த நட்டுப் பள்ளத்தை அராவாமல் விட்டதில் வந்த மிச்சம்தான்.

எங்கள் கிடாருக்குப் பெரியவர் வாங்கிய கூலி 1,200 ரூபாய். இரண்டு நாளில் கொடுத்துவிட்டார். தம்பி மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மடியில் வைத்து, முதல் மெட்டில் விரல்களை ஊன்றி ஒரு தடவை மீட்டினாள். மறுபடி ஒரு தடவை மீட்டினாள். சுத்தமாக இருந்தது.

“அப்போ என் காது சரியாத்தான் இருந்துதா பெரியப்பா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “நல்லா இருக்கு. ஆனா இந்த வருஷம் பத்தாங் கிளாஸ். பரீட்சை முடியட்டும், பாக்கலாம்” என்றாள்.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தம்பி அதை அலமாரிக்கு மேலே வைக்காமல், சுவரில் ஓர் ஆணி அடித்து, அவள் கை எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறான்.