கிரிவலத்தால் உடம்பு இளைக்குமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இதனால் பாவம் தொலையும், மோட்சம் கிட்டும் என்று முன்பெல்லாம் சொல்லி வந்தார்கள். அதை நம்பாத படித்த பிள்ளைகள் பெருகிவிட்டபடியால் இப்பொழுது வேறு பல்லவி பாடுகிறார்கள். அதாவது, கிரிவலம் ஒரு தேகாப்பியாசம், அதனால் தொந்தி கரையும், சர்க்கரை வியாதி குறையும், நமது முன்னோர்கள் விஞ்ஞானம் தெரிந்தே இதை ஏற்படுத்தினார்கள் என்பதாகும்.

நல்லது. கடவுளை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 700 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பிலோ சுமார் 7700 கலோரி இருக்கிறது. ஆகவே ஒரு கிலோ இளைக்க 11 பௌர்ணமி வேண்டும். அதுவும் வழியில் இருக்கும் டீக்கடை, தோசைக்கடை, அன்னதானப் பந்தி எதிலும் கை வைக்காமல் நடந்தால்தான். வருஷத்துக்கு 12 முறை சுற்றினால் மொத்தம் 168 கிலோமீட்டர். தன் ஊரிலேயே தினம் அரைமணி நேரத்தில் இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறவனோ வருஷத்தில் 900 கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிடுகிறான். இது 65 கிரிவலத்துக்குச் சமம். உண்டியலும் இல்லை, பஸ் நெரிசலும் இல்லை.

அன்றியும் நாம் கேட்கிறோம்: இது தேகாப்பியாசம் என்றால் பஞ்சாங்கம் எதற்கு? அமாவாசையன்று நடந்தால் கொழுப்பு கரையாதா? மலையை இடமாகச் சுற்றினால் தொந்தி வளருமா? மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்றால், மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சர்க்கரை மாத்திரைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பானேன்?

இது வெறும் வேடிக்கைச் சங்கதியல்ல. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இதன் பின்னாலேயே வருகின்றன. இப்படிப்பட்ட நிலையில் மாதம் ஒருநாள் நடந்துவிட்டு, "அருணாசலன் பார்த்துக்கொள்வான்" என்று மற்ற 29 நாளும் உட்கார்ந்திருப்பது, வியாதியை வளர்த்துக்கொள்வதே தவிர வேறென்ன?

நிற்க, நமது பெண்களின் நிலையைச் சற்றுக் கவனியுங்கள். பௌர்ணமி இரவில் மாமியார், நாத்தனாரோடு விடியவிடிய நடக்கிற பெண்ணுக்கு "பக்தியுள்ள மருமகள்" என்று பெயர். அவளே மறுநாள் காலையில் தன் உடம்புக்காக அரைமணி நேரம் தெருவில் வேகமாய் நடந்தால், "இவளுக்கு வேலை ஒன்றும் இல்லையா?" என்கிறார்கள். புருஷனும் பிள்ளைகளும் தின்றது போக மிச்சத்தை வீணாக்கக்கூடாது என்று அவள் வயிற்றில் போட வேண்டும். செவ்வாய், வெள்ளி, ஏகாதசி என்று பட்டினி கிடக்க வேண்டும். மறுநாள் அந்தப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பிறகு பருத்துவிட்டாள் என்று அவளையே கேலி செய்ய வேண்டும்! சாமி பெயரைச் சொன்னால்தான் ஒரு பெண் வீட்டுக்கு வெளியே கால் வைக்கலாம் என்கிற மானங்கெட்ட ஏற்பாடு ஒழியாமல் அவள் உடம்பு எப்படித் தேறும்?

பருத்தவர்களைக் கேலி செய்வதும் சுயமரியாதைக்கு விரோதமேயாகும். பரம்பரை, மருந்து, தைராய்டு, தூக்கக்குறைவு, உட்கார்ந்தே செய்யும் வேலை என்று அதற்குக் காரணங்கள் பல. தலையெழுத்து அதில் ஒன்றல்ல. சோம்பேறித்தனம் மாத்திரமே காரணமும் அல்ல. கேலிக்குப் பயந்தவன் ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கும் பொடி விற்பவனிடம் போய் விழுகிறான். தாயத்துக்காரனுக்கும் இவனுக்கும் பேதம் விளம்பரத்தில் மட்டுமே.

பின் என்னதான் செய்வது என்று கேட்கலாம். 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொல்லுகிறோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷகாலம் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பிரிவாருக்குச் சொன்னது இவ்வளவுதான்: சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறையுங்கள், உட்கார்ந்த வேலைக்காரர்கள் தினம் அரைமணி வேகமாக நடங்கள். இதனால் அவர்களுக்கு வியாதி வரும் வாய்ப்பு 100-க்கு 28 பங்கு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை அதிகம் குறைந்துவிடவில்லை! ஆகவே, தராசு முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

விரதத்துக்கும் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விரதம் பயத்தில் நிற்கிறது. ஒருநாள் தவறினால் பாவம், பரிகாரம் என்று மனிதனை நடுங்கவைக்கிறது. கடைசியில் அவன் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறான். பழக்கத்துக்கோ பாவமில்லை, பரிகாரமில்லை. இன்று தவறினால் நாளை நடந்தால் தீர்ந்தது. எனவே முதல் வாரம் 10 நிமிஷம் நடங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, காயும் பயறும் ஒரு கரண்டி கூட்டுங்கள். டீயில் சர்க்கரையைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குறையுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். துணைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவள் நடக்கிற நேரத்தில் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டாலும் குற்றமில்லை. வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேளுங்கள், ஜோசியரைக் கேட்காதீர்கள்.

திருவண்ணாமலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மலையைச் சுற்றி ஓடுவது நல்ல பொதுச்சாலை. அதில் தாராளமாக நடங்கள். ஆனால் காலில் செருப்போடு, வேண்டிய திசையில், வேண்டிய தூரம், தினமும் நடங்கள். பௌர்ணமிக்காகக் காத்திருக்காதீர்கள்.