ஐம்பது துறவியரும் ஒரு மாணவியும்

குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போது புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரு 'காலேஜ்' உறுப்பினர்களாகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, வாக்களிக்கும் அந்தக் குழுவை ஆங்கிலத்தில் எலெக்டோரல் காலேஜ் என்றே குறிக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழு கொலீஜியம். போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மாரின் கூட்டத்துக்கும் இதே பெயர்தான். எதிலும் வகுப்பறை இல்லை, பட்டம் இல்லை. பழைய ரோமாபுரியில் ஒரே தொழிலோ ஒரே வழிபாடோ உடையவர்கள் கூடி அமைத்த சங்கத்துக்குக் கொலீஜியம் என்று பெயர். முதலில் ஆட்கள், கட்டடமும் பாடத்திட்டமும் நெடுங்காலம் கழித்து வந்தவை.

இங்கிலாந்தில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. 1264இல் வால்டர் டி மெர்ட்டன் தம் நிலங்களின் வருவாயை எழுதிவைத்து ஒரு கல்லூரியை நிறுவினார். அறிஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, தமக்குள் விதி வகுத்துப் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் இளநிலை மாணவர் ஒருவரும் கிடையாது, அறிஞர்கள் மட்டுமே. ஈட்டன் கல்லூரியோ பள்ளிக்கூடம். அந்த வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அங்கே இந்துக் கல்லூரியில் படிப்பவன் பள்ளிப் பையன்.

நிலம் எழுதிவைத்து, ஒரு கூட்டத்தை ஓரிடத்தில் உண்டு உறைந்து கற்க வைப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. திருச்சி–மதுரை சாலையையொட்டிய கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது. மூன்று கருவறைகளில் இன்று எஞ்சி நிற்பவை இரண்டு. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் அவற்றை எடுப்பித்தான். மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்கு அவன் ஒரு பெரிய மடத்தைக் கொடுத்ததையும், ஐம்பது துறவியர் உண்பதற்காகப் பதினோரு ஊர்களை விட்டதையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மெர்ட்டன் தம் நிலங்களை எழுதிவைத்ததற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. அங்கே என்ன பாடம் நடந்தது என்று கல் விரித்துச் சொல்லவில்லை. சோற்றுக்கு வழி செய்ததைச் சொல்கிறது. பசித்தவனால் கூடியிருந்து கற்க முடியாது என்பதை அறிந்தவன் செய்த ஏற்பாடு அது.

இதே சீமையின் குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் அங்குள்ள இசைக் கல்வெட்டின் கடைசிப் பகுதியையும் கவனிக்க வேண்டும். அந்தச் சுரங்களை அமைத்த அரசன் தன் பெயரைச் சொல்லவில்லை. கற்போர் கூட்டத்தில் ஒருவனாக, உருத்திராசாரியரின் மாணவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகப் பொறித்திருக்கிறான்.

ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்த காலேஜ் வேறு வகை. 1812இல் சென்னைக் கோட்டை நிர்வாகம் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி முதலியோரின் முயற்சியால் தொடங்கிய கல்லூரி, கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுப்பதற்கானது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. தேர்வு வைத்துப் பட்டம் தருவதே வேலையாகக் கொண்டிருந்த லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்தார்கள். பாடத்தையும் வினாத்தாளையும் தொலைவிலுள்ள ஒரு நகரம் வகுக்கும். கல்லூரி பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பும். தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளும் கூட்டம் என்ற பொருள் அந்த ஏற்பாட்டில் கரைந்துபோனது. அது பெரிய இழப்பு. இன்றுவரை ஈடு செய்யப்படாத இழப்பும்கூட.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரி அந்த ஏற்பாட்டில் வளர்ந்தது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் அரசரின் ஆங்கிலப் பள்ளிக்கூடம் கல்லூரியாக உயர்ந்தது. இரண்டாம் நிலைக் கல்லூரி என்பார்கள், எஃப்.ஏ. வரைதான். அன்று 'காலேஜ்' என்று பெருமையோடு சொன்ன அந்த இரண்டு ஆண்டுப் படிப்பு, பிறகு இன்டர்மீடியட் ஆகி, பி.யு.சி.யாகச் சுருங்கி, 1978இல் பிளஸ் 2 வந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி இங்கே படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போனார்.

இந்தக் கல்லூரி தன் பெயருக்குரிய பழைய பொருளை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 1904இல் முத்துலட்சுமி என்ற பெண் இங்கே சேர விண்ணப்பித்தார். தந்தை நாராயணசாமி ஐயர் இதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் என்பது ஒரு தடை, தாயின் மரபு இன்னொரு தடை. மற்ற மாணவர்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று அப்போதைய முதல்வரே தயங்கினார். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி, பிறகு மாகாணச் சட்டசபை, அவ்வை இல்லம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று நீண்டது அவர் பயணம்.

அன்று எழுந்த கேள்வி பாடத்தைப் பற்றியதல்ல. இந்தக் கூட்டத்தில் யார் உறுப்பினர் என்பதே கேள்வி. அதற்குச் சொன்ன விடையால்தான் அந்தக் கல்லூரியை இன்றும் நாடு நினைக்கிறது. அதன் தேர்ச்சி விகிதத்தால் அல்ல.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974இல் மாவட்டம் ஆனது. இன்று கல்லூரிகளைப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைத்திருக்கிறார்கள். 2017இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஒருத்திக்கு மன்னர் மனமிரங்கித் தந்தது பல்லாயிரம் பேருக்கு உரிமையாகியிருக்கிறது. இதைக் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் ஆவுடையார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற பெண், வகுப்பு முடிந்ததும் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். அரசுக் கல்லூரிகளில் முதல் ஷிப்ட் முடிந்தால் அதே பெஞ்சில் அடுத்த ஷிப்ட் உட்கார வேண்டும். நூலகத்தில் நாலு பேர் கூடி வாதிட, ஆசிரியரோடு மரத்தடியில் நின்று பேச அவளுக்கு நேரமுமில்லை, இடமுமில்லை. சேர்க்கை கிடைத்தும் கூட்டம் கிடைக்கவில்லை. இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் பெண்கள் விடுதி வேண்டும். அங்கே நல்ல சோறு வேண்டும். இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் நூலகம் வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே, 'காலேஜ்' உறுப்பினர்களான நம் ஆறு பேரும் சட்டமன்றத்தில் எழுந்து இதைக் கேட்க வேண்டும்.