கடைமடை வயலும் கணக்கில் வரவேண்டும்

திருவண்ணாமலை வட்டார விவசாயம் ஏரியையும் கிணற்றையும் நம்பியது. ஒரே ஏரிப் பாசனத்தில் மதகடி வயல் நன்றாக விளைந்திருக்கும். கடைமடை வயல் தண்ணீர் எட்டாமல் பதராகிப் போயிருக்கும். ஆனால் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கான இழப்பீடு, வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைக் கொண்டே முடிவாகிறது. மதகடியின் விளைச்சல் கடைமடையின் நஷ்டத்தை மறைத்துவிடுகிறது.

இந்தச் சராசரி, 5 மீட்டர் நீள அகலத்தில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனைகளிலிருந்து கிடைக்கிறது. இத்துடன் ஒரு புதிய முறையும் சேர்ந்துள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் 'ரைஸ்' என்ற திட்டத்தில், ராடார் செயற்கைக்கோள் படத்தையும் 'ஒரைசா' என்னும் கணினிப் பயிர்க் கணக்கையும் இணைத்து நெல் மகசூலை மதிப்பிட்டன. 2023 காரீப் பருவம் முதல் மத்திய அரசும் நெல், கோதுமைக் காப்பீட்டில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் அளித்துள்ளது.

இது எவ்வாறு நடக்கிறது? ராடார் மழை மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும். நீர் நிற்கும் நடவு வயல் படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர வெளுக்கும். இதனால் எங்கே, எப்போது நட்டார்கள் என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். பிறகு வெயில், வெப்பம், மழை, ரகம் ஆகியவற்றைக் கொண்டு பயிரின் வளர்ச்சியை நாள்தோறும் கணினி கணக்கிடும்.

படத்தின் ஒரு கட்டம் 20 மீட்டர் நீள அகலம் என்றால், ஓர் ஏக்கரில் சுமார் 10 கட்டங்கள் அடங்கும். கடைமடையைத் தனியே காட்டக்கூடிய கருவி இருந்தும், முடிவில் கிராமம் முழுவதையும் ஒரே எண்ணாக்குவது நியாயமல்ல. மதகடி, நடுமடை, கடைமடை என ஆயக்கட்டைப் பிரித்து மகசூலைக் கணக்கிட வேண்டும்.

பரப்பு சிறிதானால் பிழை பெரிதாகலாம் என்பது உண்மையே. புகையான் சேதத்தை வானிலைக் கணக்கு மட்டும் காட்டிவிடாது. ஆகவே கடைமடையிலும் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கணினிக் கணக்கைச் சரிபார்ப்பது அவசியம். இரண்டு கணக்கையும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவதும் முறையாகும்.

விவசாயிகளுக்கும் பொறுப்பு உண்டு. அடங்கலில் சர்வே எண்ணும் பயிரும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பருவந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். நட்ட தேதியையும் ரகத்தையும் குறித்து வைப்பது நல்லது. வரைபடம் தவறினால், அதைத் திருத்தக் கையில் ஆதாரம் இருக்கும்.